மறைத்தவை ஒன்றும் இல்லை

கணினியில் வேலை செய்கிறேன் என்று மொன்றியலில் ஒரு தமிழ் ஆளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை யாரோ ஒருவருடைய பிரிண்டருக்கு முன்னால் முழங்காலில் நிற்க வேண்டிவரும். எனக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. அப்படித்தான் ஒரு நாள் ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு அக்கா அழைத்தார். ஏதோ கலியாண வீட்டில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"தம்பி, எங்கட அண்ணையின்ரை கொம்ப்யூட்டர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நிக்குது. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

வைரஸ்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டின் பேஸ்மென்ட்டில் அறுபது தாண்டிய ஒருவர், அணைத்து வைத்த திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரை இருண்டிருந்தது, ஆனால் ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது. "பட்டன். பட்டன். படம். பட்டன். படம்." வேறொன்றும் இல்லை. அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்குத் திரை எதற்கு?

சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோய் ஆறு வருடம் என்றார். அதற்கு முன்பு சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டியவர். மனைவி இல்லை. தங்கச்சி வீட்டில்தான் இருப்பு. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பார்வையற்றோர் நிலையத்தில் பழகியிருந்தார். பிரெஞ்சுச் செய்தி, காலநிலை எல்லாம் அது நன்றாகவே வாசித்தது. அவர் கேட்க விரும்பிய பக்கத்தில் மட்டும் அது திக்கித் திணறி நின்றது. அது மரண அறிவித்தல் பக்கம்.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவோ லண்டனோ சிட்னியோ, காலையில் தேத்தண்ணி வைக்க முன்னம் அதைத் திறப்பார்கள். யார் போனது, எந்த ஊரில் பிறந்தது, யாருடைய மைத்துனர், எங்கே எடுக்கிறார்கள். நாங்கள் சிதறிப்போன பிறகு எங்களுக்கு மிஞ்சிய ஒரே ஊர்ப் பேச்சு அதுதான்.

"எல்லாரும் பாக்கினம். எனக்கு ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லினம் இல்லை," என்றார். "தங்கச்சியிட்டைக் கேட்டா, இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை அண்ணை எண்டுவள். உலகத்திலை ஒருத்தரும் சாகாத நாள் இருக்கோ தம்பி?"

அந்தக் கேள்விக்காகவே அவரைப் பிடித்துப்போனது. அவரை நான் அண்ணை என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பெயர் தேவைப்படவில்லை.

பக்கத்தைத் திறந்து பார்த்ததும் கோளாறு தெரிந்தது. அறிவித்தல்கள் எல்லாம் எழுத்தாக இல்லாமல் படமாகப் போடப்பட்டிருந்தன. கண்ணுள்ளவன் படத்திலிருக்கும் எழுத்தை வாசித்துவிடுவான். மெஷினுக்கு அது வெறும் படம். பட்டன்களுக்குப் பெயரே வைக்கவில்லை. நடுவில் நகைக்கடை விளம்பரம், விமான டிக்கெட் விளம்பரம், மலர்வளையம் அனுப்புவதற்கு இன்னொரு விளம்பரம். பக்கத்தை நடத்துபவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புவாண்ட்-கிளேரில் உள்ள கம்பனிக்கு நான் செய்யும் வேலையே இதுதான்: யாரோ பெயர் வைக்க மறந்த பட்டன்களுக்குப் பெயர் வைப்பது. அங்கே சட்டத்துக்குப் பயந்து செய்கிறார்கள். இங்கே பயப்பட யாரும் இல்லை.

அதனால் பக்கத்தைத் தொடாமல் அண்ணையின் பிரவுசருக்குள் ஒரு சின்ன நிரலை எழுதி வைத்தேன். பக்கம் திறந்தவுடன் அது முந்திக்கொண்டு ஓடும். விளம்பரங்களைத் தூக்கி எறியும். படத்திலிருக்கும் எழுத்துகளைப் படித்தெடுத்து மெஷின் வாசிக்கும்படி வைக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர் கொடுக்கும். நான் என் வீட்டிலிருந்து திருத்தினால் போதும், அங்கே அவருடைய பிரவுசர் புதியதைத் தானாக எடுத்துக்கொள்ளும். மூன்று கிழமை பிடித்தது. உலகத்தில் அதைப் பாவித்தவர் ஒரே ஒருவர்தான்.

முதல் நாள் அது வாசித்தபோது அண்ணை இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டார். மெஷினின் குரல் ஒரு சென்னைப் பெண்ணுடையது. "இந்தப் பிள்ளை எங்கட ஊருகளின்ரை பேரைக் கொலை செய்யுது," என்று சிரித்தார். ஆனாலும் "சென்னைப் பிள்ளை" சொல்வதைத்தான் நம்பினார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கும். அன்றைய அறிவித்தல்களைக் கேட்டு முடித்துவிட்டு எனக்குச் செய்தி சொல்லுவார். இன்னார் போய்விட்டார், அவருடைய தமையன் என்னோடு கிடங்கில் வேலை செய்தவன், சரியான கஞ்சன், அவனுக்கு இப்போது ஒரு மகள் டொக்டராம். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு மணித்தியாலம் சாதாரணமாக ஓடிவிடும்.

எனக்கும் அது தேவையாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. மனைவி பிரிந்து ரொறன்ரோ போய்விட்டாள். இருவருமே கெட்டவர்கள் இல்லை, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேலையும் வீட்டிலிருந்துதான், மாதத்தில் ஒரு நாள் மட்டும் புவாண்ட்-கிளேர் போனால் போதும். பகல் முழுவதும் நான் வாய் திறப்பது தெருமுனை டெப்பனர் கடையில் ஒரு பொன்ஜூருக்கும் ஒரு மெர்சிக்கும்தான். காலை ஏழு மணிக்குப் பேசும் பேச்சுத்தான் அன்றைக்கு முழுவதுக்குமான பேச்சு. சனி ஞாயிறுகளில் அவர் அரை மணி பிந்தினால்கூடத் தனிமை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஒரு காலையில் அப்பாவின் கதையை அவருக்குச் சொன்னேன். நான் இங்கே அகதி விசாரணைக்காகக் காத்திருந்த நாட்களில் ஊரில் அப்பா இறந்துபோனார். விசாரணை முடியட்டும் என்று வீட்டில் பத்தொன்பது நாள் எனக்குச் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு தடவை போன் எடுத்திருந்தேன். அப்பா எங்கே என்று கேட்க, கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் சிரித்து, "அவர் எப்போது பக்திமான் ஆனார்?" என்று பகிடிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பத்தொன்பது நாளோ என்று அண்ணை திருப்பிக் கேட்டார். பிறகு, "நல்லதுக்குத்தான் செய்தம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம் தம்பி. அந்தப் பத்தொன்பது நாளை உமக்கு ஆர் திருப்பித் தாறது?" என்றார். என் வாழ்க்கையில் அதைச் சரியாகச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

குளிர் தொடங்கும் நாட்களில் அவருக்குப் பைபாஸ் செய்தார்கள். வீடு திரும்பி மெலிந்த குரலில் மறுபடியும் ஏழு மணிக்கு அழைக்கத் தொடங்கினார். லண்டனில் அவருக்கு ஒரு மூத்த சகோதரர் இருந்தார். ஒரு கலியாண வீட்டில் யாரை முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்ற சங்கதியில் தொடங்கி, பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "நெஞ்சைத் திறந்தவங்கள் உள்ளுக்கை கிடந்த கோபத்தையும் எடுத்துப்போட்டாங்கள் போல," என்றார் அண்ணை. "இந்தக் குரல் கொஞ்சம் தெளியட்டும். பெரியண்ணையோடை கதைக்கப்போறன். நடுங்கின குரலிலை கதைச்சா, சாகப்போறதாலை கதைக்கிறான் எண்டு நினைப்பார்."

அதற்கு அடுத்த கிழமை அக்கா எனக்குப் போன் எடுத்தார். குரல் எதிரொலித்தது. கராஜுக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். அண்ணையின் காது அந்த வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிடும்.

"தம்பி, லண்டனிலை எங்கட பெரியண்ணை மோசம் போட்டார்." அழுதார், பிறகு மூக்கைச் சீறிக்கொண்டார். "இவருக்கு நெஞ்சு வெட்டி மூண்டு கிழமையும் ஆகேல்லை. அதிர்ச்சி ஒண்டும் குடுக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். பேந்து ஆறுதலாச் சொல்லுவம். நாளைக்கு அறிவித்தல் வந்திடும். உங்கட அந்த மெஷினை ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ."

"முழுக்க நிப்பாட்டினா அவர் சந்தேகப்படுவார் அக்கா."

"அப்ப அந்த ஒண்டை மட்டும் எடுக்கேலாதோ?"

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது: எப்படிச் செய்யலாம் என்று என் மூளை ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கிவிட்டது. மூத்தவருடைய பெயரும் பிறந்த ஊரும் ஒரே அறிவித்தலில் சேர்ந்து வந்தால் அந்த அறிவித்தலைப் பக்கத்திலிருந்து நீக்கிவிடு. ஒரே ஒரு வரி. நாலு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அடுத்த நாள் காலை பக்கத்தில் பதினாலு பேர் இருந்தார்கள். என் நிரல் பதின்மூன்று பேரை வாசித்தது. நன்றாகவே வேலை செய்தது. ஏழு மணிக்கு அண்ணை பதின்மூன்று பேரைப் பற்றியும் எனக்குச் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை, லண்டனில் இறுதிக் கிரியை. இப்போதெல்லாம் செத்தவீட்டையும் நேரலையில் காட்டுகிறார்கள். அங்கே மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே காலை ஏழு. வீட்டில் அந்த நேரத்துக்குப் பார்க்க முடியாத அக்கா இணைப்பை எனக்கு அனுப்பி, "எங்களுக்காக நீங்களாவது பாருங்கோ" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு மண்டபம், தெரியாத மனிதர்கள், பெட்டிக்குள் அண்ணையின் அதே மூக்கோடு ஒருவர். யாரோ தேவாரம் பாடத் தொடங்கியபோது என் போன் அடித்தது. நான் கணினியின் ஒலியை அடைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"என்ன தம்பி, குரல் ஒரு மாதிரிக் கிடக்குது?"

"தடிமன் அண்ணை."

அன்றைக்குப் பதினொரு அறிவித்தல். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என் திரையில் அவருடைய சகோதரரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றார்கள். சத்தமில்லாமல் எல்லோருடைய வாயும் அசைந்தது. "இங்கை தங்கச்சி ஒரு கிழமையா மரக்கறிதான் காய்ச்சிறாள். ஏதோ விரதமாம்," என்று அண்ணை குறைப்பட்டார். "அவள் வேலைக்குப் போனாப் பிறகு ரெண்டு மட்டன் றோல்ஸ் கொண்டந்து தாருமன். ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

அக்கா எதற்காக மரக்கறி சமைக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மதியம் றோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். மறுத்தால் காரணம் கேட்பார் என்பது ஒன்று. அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரிய காரணம்.

அடுத்த நாள் வெள்ளி. கோயிலுக்குக் கூட்டிப்போகக் கேட்டார். தங்கச்சிக்குத் தலையிடியாம், வரமாட்டாளாம். சாவுத் துடக்கு உள்ள வீட்டார் முப்பத்தொரு நாள் கோயில் படி மிதிப்பதில்லை. சாமி நம்பிக்கை இல்லாத எனக்கே அது தெரியும். காருக்கு இன்னும் குளிர்கால டயர் மாற்றவில்லை என்று ஒரு சாட்டு கைவசம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. போய் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வழக்கமாகத் தன்னுடைய பெயருக்கும் தங்கச்சியின் பெயருக்கும்தான் அர்ச்சனை செய்விப்பார். ஐயர் தட்டைக் கையில் வாங்கிப் பெயர் நட்சத்திரம் கேட்டார். அண்ணை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு லண்டன் சகோதரரின் பெயரைச் சொன்னார். நட்சத்திரமும் சரியாகச் சொன்னார்.

"தீர்க்காயுசா இருக்க வேணுமெண்டு செய்யுங்கோ ஐயா. ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடை கதைக்கப்போறன்."

ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். அண்ணை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது, ஆனால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காருக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சொன்னேன். "அண்ணை, பெரியண்ணை மோசம் போட்டார். நேற்றுத்தான் எடுத்தது."

அவர் மடியில் பாதித் தேங்காயும் விபூதிச் சரையும் இருந்தன. தேங்காயைத் தடவிக்கொண்டே, "எப்ப?" என்றார்.

"பத்து நாளாகுது."

"நான் ஒவ்வொரு காலமையும் கேட்டனான்." குரல் மெதுவாகத்தான் வந்தது. "எங்கையோ கீயை ரெண்டு தரம் அமத்தித் தாண்டிப்போட்டன் போல. குருடன்ரை வேலையைப் பாத்தீரோ. சொந்தச் சகோதரத்தைத் தாண்டிப்போட்டன்."

அதுவரைக்கும் அக்கா சொன்னார், டொக்டர் சொன்னார் என்றெல்லாம் எனக்குள் ஒரு நியாயம் இருந்தது. அந்த வார்த்தையில் எல்லாம் உடைந்துபோயிற்று.

"நீங்கள் தாண்டேல்லை அண்ணை. நான்தான் அதை எடுத்துவிட்டனான். மெஷின் வாசிக்காதபடி ஒரு வரி எழுதினனான்."

காரின் சூட்டுக்காற்று இரைந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நேற்று எனக்கு மட்டன் றோல்ஸ் கொண்டந்தீர்."

"ஓம்."

"இண்டைக்குத் துடக்கோடை கோயிலுக்குக் கூட்டி வந்தீர். செத்த மனுசனுக்கு நான் ஆயுள் கேக்கேக்கை பக்கத்திலை நிண்டீர்."

"ஓம் அண்ணை."

"உம்மட அப்பா கோயிலுக்குப் போட்டாரெண்டு உமக்குச் சொன்னவை. அதை நீர்தான் எனக்குச் சொன்னனீர்."

நான் கியரைப் போட்டுக் காரை எடுத்தேன்.

"தங்கச்சி மறைப்பாள். கண் போன நாளிலிருந்து எல்லாரும் எனக்கு இரக்கப்பட்டு மறைக்கினம். அந்த மெஷினுக்கு இரக்கம் இல்லை தம்பி. அதாலைதான் நான் அதை நம்பினனான்."

ரொக்ஸ்பரோ வந்ததும் வீட்டு வாசலில் என் கையைத் தட்டிவிட்டு, கோலை ஊன்றி, படியில் ஒரு தடவை இடறி, தானாகவே உள்ளே போனார்.

அவருடைய இதயத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அக்கா என்னைப் போனில் ஏசினார். "ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?" அவர் ஏசியதிலும் நியாயம் இருந்தது. அந்த வரியை அன்றைக்கே அழித்தேன். ஆனால் அழித்தேன் என்பதற்கு என்ன சாட்சி? மறைக்கத் தெரிந்தவன் மறைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவது? அதனால் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். பக்கம் திறந்தவுடன், ஒரு அறிவித்தலையும் வாசிக்க முன்னம், அன்றைக்கு எத்தனை என்றும் அவற்றில் எத்தனை மறைக்கப்பட்டது என்றும் மெஷின் முதலில் சொல்ல வேண்டும். என் பிரவுசரில் ஓட்டிப் பார்த்தேன். "இன்று ஒன்பது அறிவித்தல்கள். மறைத்தவை ஒன்றும் இல்லை," என்றாள் சென்னைப் பிள்ளை. அவருக்கு அனுப்பிவைத்தேன். போன் அடிக்கவில்லை.

அண்ணை கம்ப்யூட்டரையே திறக்கவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். டயரை மாற்றினேன். பனி கொட்டியது. ஏழு மணிக்குக் கோப்பியோடு மேசையில் உட்காருவேன், எட்டானதும் எழும்பி வேலையைத் தொடங்குவேன். கம்பனியின் பட்டன்களுக்குப் பெயர் வைத்தேன். ஒரு நாள் ஒரு சொல்லும் பேசாமலே பொழுது போய்விட்டது என்று பல் தீட்டும்போதுதான் கவனித்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, சரியாக ஏழு மணிக்கு, போன் அடித்தது.

"பக்கத்தைத் திறந்து வைச்சிருக்கிறீரோ?"

"ஒரு நிமிசம் அண்ணை. ஓம், திறந்திட்டன்."

"எத்தினை பேர்? கண்ணாலை எண்ணிச் சொல்லும்."

விரல் வைத்து எண்ணினேன். "பத்து."

அவருக்குப் பின்னால் மெஷின் சொன்னது எனக்கும் கேட்டது. இன்று பத்து அறிவித்தல்கள். மறைத்தவை ஒன்றும் இல்லை. "சரி," என்று போனை வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் இதுதான். நலம் விசாரிப்பதில்லை, கஞ்சன் கதை இல்லை. எத்தனை, இத்தனை, சரி. ஒரு நிமிடம்கூட ஆகாது. ரொறன்ரோவில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவரிடமும் எண்ணிக்கை கேட்கிறார் என்று அக்கா மூலம் அறிந்தேன். எனக்கு வலித்தது. அவர் செய்வது சரிதான் என்று தெரிந்தும் வலித்தது. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்துக்காக ஆறே முக்காலுக்கே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் பன்னிரண்டு என்று சொன்னேன். மெஷின் பதின்மூன்று என்றது.

அந்தப் பக்கத்தில் அவர் ஒரு கீயை அழுத்தி மெஷினை நிறுத்தியது கேட்டது.

"திரும்பி எண்ணும்," என்றார்.

திரும்பவும் எண்ணினேன். பன்னிரண்டுதான். மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தபோது, ஒரு நகைக்கடை விளம்பரம் விரிந்து கடைசி அறிவித்தலை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. கண்ணால் எண்ணச் சொன்னார் என்று நான் காலையில் பக்கத்தை நிரல் இல்லாமலேதான் திறப்பேன். விளம்பரத்தை மூடினேன். அடியில் ஒரு வயதான அம்மா, கொழும்புத்துறையில் பிறந்தவர்.

"பதின்மூண்டு அண்ணை. ஒரு விளம்பரம் மறைச்சுப் போட்டுது. நான் காணேல்லை."

"மெஷின் சரியாத்தான் சொல்லுது," என்றார். "நீர்தான் பிழை."

"ஓம் அண்ணை. நான்தான் பிழை."

போனை வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவருடைய அறையில் சென்னைப் பிள்ளை முதலாவது அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினாள், தொடங்கியதும் ஒரு ஊரின் பெயரைக் கொலை செய்தாள்.

"கேட்டீரோ?" என்றார் அண்ணை.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு இருவரும் பதின்மூன்றாவது ஆள் வரைக்கும் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.